வராத ஒரு பிள்ளை

ஆசிரியப் பணியில் கிறிஸ்தவ நெறிக்கு இடம் எங்கே எனச் சிலர் நம்மை வினவுவதுண்டு. நம் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுள் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களுக்கு மதம் போதிப்பது நம் பணியன்று. லூக்கா நற்செய்தியின் 15ஆம் அதிகாரத்தில், மேய்ப்பன் 99 ஆடுகளை விட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் செல்கிறான். நமக்கு அந்த ஓர் ஆடு, அடிக்கடி பள்ளிக்கு வாராத பிள்ளை. ஆறாம் ஆண்டிலும் எழுத்துக்கூட்டி வாசிக்கும் பிள்ளை. 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்டபின், அப்பிள்ளையின் பின்னடைவைக் காட்ட அத்தேர்வும் இல்லை. ஆகவே ஆசிரியர் கண்ணே அதனைக் காணவேண்டும். அவர் கால்களே அவ்வீட்டுப் படியேற வேண்டும். முதல் மாணவனுக்குப் பரிசளிப்பது எளிது. பின்தங்கிய பிள்ளையின் அருகே நாள்தோறும் அமர்ந்து கற்பிப்பதே நம் வழிபாடு. பெற்றோரும் அதற்குத் துணைநிற்பாராக!