மணி ரெண்டு ஆச்சு ஸார்!

‘ஃபேமிலிக்கு மட்டும்தான் விடறோம்!’

நம் வீட்டுக்காரர்கள் கண்டுபிடித்ததிலேயே மிக மரியாதையான பொய் இது. 2024 ஆகஸ்ட்டில் நானும் சொன்னேன்.

யூனிவர்சிட்டியில் வேலை பார்க்கும் நண்பன், காலியாகக் கிடந்த எங்கள் மாடி போர்ஷனுக்கு ஒரு பிஎச்.டி. மாணவரை அழைத்து வந்தான். எத்தியோப்பியாக்காரர். ஆறடி. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வணக்கம் வைத்தார். நான் பொய்யைச் சொன்னதும், “நோ ப்ராப்ளம் ஸார்” என்று சிரித்தார். பழகிப் போன சிரிப்பு. (போன மாசம் வரை அதே போர்ஷனில் ரெண்டு பேச்சிலர்கள் இருந்தார்கள் என்பது வேறு விஷயம்!)

ராத்திரி நண்பன் போனில் பிடித்துக் கொண்டான்.

“அறிவிருக்காடா? 180 நாளுக்கு மேல விசா இருந்தா, வந்த 14 நாளுக்குள்ள பதிவு பண்ணணும். அதுக்கு அட்ரஸ் வேணும். ஹாஸ்டல் ஃபுல். இன்னிக்கு ஒன்பதாம் நாள்!”

“சி ஃபாரம், போலீஸ் கீலீஸ்னு ஏதோ சொல்றாங்களே...” என்று இழுத்தேன்.

“குடி வந்த 24 மணி நேரத்துல வீட்டுக்காரன் ஆன்லைன்ல நிரப்பறது. கரண்ட் பில் கட்டத் தெரியுமில்ல? நீ பி.காம். தானே படிச்சே?”

ஸ்பீக்கரில் போட்டது என் தப்பு. அம்மா கேட்டுவிட்டாள். அவளுக்கு உடனே அத்தை பையன் ஞாபகம். அவன் ஜெர்மனிக்குப் படிக்கப் போனபோதும் இதே கதைதான். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும்; அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட காகிதம் வேண்டும். வீடு கிடைக்காமல் அவன் அங்கே அலைய, இங்கே அத்தை மூணு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

“இந்தப் பிள்ளையோட அம்மாவும் எங்கேயோ சாப்பிடாம உக்காந்திருப்பா. வரச் சொல்லு.”

அப்பீலுக்கு இடமில்லை!

குடி வந்த மறுநாள் பேங்க்குக்குப் போக வேண்டும். “ரெண்டு மணிக்கு வரேன் ஸார்” என்றவர், காலை எட்டுக்கே கதவைத் தட்டினார். அவர்கள் ஊரில் மணியைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுவார்களாம். நமக்கு ஏழு, அவர்களுக்கு ஒன்று. நான் முழிக்க, “நாழிகைக் கணக்கு மாதிரிதாண்டா” என்று அம்மா சுலபமாக முடித்துவிட்டாள்.

பேங்க்கில் அடுத்த சிக்கல்: ‘சர்நேம்?’ அவருக்கு இருப்பது தன் பெயர், அப்பா பெயர். குடும்பப் பெயர் கிடையாது. அட, நம்ம இனிஷியல் கட்சி! என் பாஸ்போர்ட்டிலும் அப்பாதான் சர்நேம். ஏர்போர்ட்டில் யாராவது எங்கப்பாவைக் கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்க்க வேண்டும்!

அந்த மாசக் கடைசியில் கேம்பஸில் வெளிநாட்டு மாணவர்களுக்கு விழா. கொடி, டான்ஸ், போட்டோ, சமோசா. நம்மாளும் ஆடினார். திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: “எல்லாரும் டான்ஸ் ஆடச் சொன்னாங்க ஸார். கேன்டீன்ல பக்கத்துல வந்து உக்காரத்தான் யாருமில்லை.”

விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால், வந்து இறங்குகிறவருக்கு முதலில் தேவை மேடையல்ல. அந்த 14 நாளைக்குக் கூடவே வர ஒரு ஆள். வீடு, பேங்க், சிம் கார்டு, பஸ் நம்பர்... அப்புறம், மத்தியானம் எதிர் நாற்காலியில் ஒரு டிபன் பாக்ஸ்.

செப்டம்பர் 11, அவர்கள் புத்தாண்டு. அன்று புதன்கிழமை. புதனும் வெள்ளியும் அவருக்கு விரதம். மாமிசம், பால் தொடமாட்டார். அம்மா தேங்காய்ப்பால் விட்டுப் பாயசம் வைத்தாள்.

“எங்க காலண்டர்ல இன்னிக்குத்தான் 2017 பிறக்குது ஸார்!”

கணக்குப் போட்டேன். (பி.காம். ஆச்சே!) ஏழு வயசு குறைந்துவிட்டது. சந்தோஷப்படுவதற்குள் இன்னொன்றும் ஞாபகம் வந்தது. 2017-ல் நான் பெங்களூரில் வீடு தேடிக் கொண்டிருந்தேன். பதினோரு வாசலில் எனக்குச் சொன்னார்கள்...

‘ஃபேமிலிக்கு மட்டும்தான் விடறோம்!’