கண்ணுக்கும் ஒரு தவணை நாள்

நீரிழிவு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்கள் பொதுவாகக் கூறும் அறிவுரை. இரண்டாம் வகை நீரிழிவு எனில், நோய் கண்டறியப்பட்டவுடனேயே முதல் பரிசோதனை நடைபெற வேண்டும். ஆயினும் பலர் இதனைச் செய்துகொள்வதில்லை. அக்கறையின்மையே காரணம் என்று எளிதில் கூறிவிடுகிறோம். அது முழு உண்மையன்று என்பது என் கருத்து.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நீரிழிவு உள்ள 40 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ எட்டில் ஒருவருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருப்பதாக 2022இல் வெளியான மற்றோர் ஆய்வு தெரிவித்தது. தொடக்கத்தில் இந்நோய்க்கு வலி இல்லை, பார்வையும் குறைவதில்லை. உரிய நேரத்தில் கண்டறிந்தால் லேசர் சிகிச்சையும் ஊசி மருந்தும் பார்வையைக் காக்கும். தாமதித்தால், இழந்ததைப் பெரும்பாலும் மீட்க இயலாது.

அறிகுறி இல்லாத நோய்க்காக ஒரு நாளை ஒதுக்குவது எளிதன்று. சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவர் ஓரிடம், கண் மருத்துவமனை வேறிடம். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும்; துணைக்கு ஒருவர் வர வேண்டும். அல்சூர்க் கடைவீதியில் சிறுகடை நடத்துபவருக்கும் நாட்கூலி பெறுபவருக்கும் இது இருவரின் ஒருநாள் வருமானம். மருத்துவமனையில் தங்காமல் செய்யும் பரிசோதனைக்குக் காப்பீட்டுத் திட்டங்கள் பலவும் பணம் தருவதில்லை. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்ததையே கண் பரிசோதனை என நம்பி இருப்போரும் உண்டு. அங்கே விழித்திரை பார்க்கப்படுவதில்லை.

இவை அனைத்திற்கும் மேலாக, 'இன்ன நாளில் வருக' என்று எவரும் அழைப்பதில்லை. இங்கிலாந்தில் 2003இல் தொடங்கிய தேசியத் திட்டம், நீரிழிவு உள்ள 12 வயது நிறைந்த அனைவருக்கும் அழைப்புக் கடிதம் அனுப்புகிறது. 2009–10ஆம் ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தபோது, உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு இந்நோய் முதற்காரணமாக இல்லை என்பது தெரியவந்தது. குறைந்தது ஐம்பது ஆண்டுகளில் இதுவே முதன்முறை. சர்க்கரைக் கட்டுப்பாடு மேம்பட்டதும் துணைபுரிந்திருக்கலாம். எனினும் அழைப்பின் பங்கைக் குறைத்து மதிப்பிட இயலாது.

குறித்த நாளின் வலிமையை வங்கியில் பணிபுரியும் நாங்கள் அறிவோம். ஓய்வூதியர்கள் முழங்கால் வலியையும் பொருட்படுத்தாது நவம்பரில் வந்து வாழ்நாள் சான்றிதழ் அளிக்கின்றனர். மாதமும் தெரியும்; தவறினால் நேரும் இழப்பும் தெரியும். உலக நீரிழிவு நாளும் அதே மாதம் 14ஆம் தேதியன்று வருகிறது. எனவே நவம்பரையே கண் பரிசோதனைக்குரிய மாதமாகக் கொள்ளலாம். சான்றிதழ் பெறும் கிளைகளில் இதனை நினைவூட்டும் ஓர் அறிவிப்புப் பலகை வைப்பதும் பெருஞ்செலவன்று. மருந்துச் சீட்டிலேயே அடுத்த கண் பரிசோதனை நாளை மருத்துவர்கள் எழுதித் தரலாம். துணைக்குச் செல்லும் மகனுக்கோ மகளுக்கோ அன்று விடுப்பளிக்க நிறுவனங்கள் முன்வரலாம்.

அல்சூர் வாசிகளுக்குத் தொலைவும் பெருந்தடையன்று. 1896இல் தொடங்கப்பட்ட மிண்டோ அரசு கண் மருத்துவமனைக்கு, அல்சூரிலிருந்து மெட்ரோவில் ஏறி மெஜஸ்டிக்கில் மாறி, கே.ஆர். மார்க்கெட் நிலையத்தில் இறங்கிச் செல்லலாம். பழைய வருமான வரி முறையில் உள்ளோர்க்கு, நோய்த்தடுப்புப் பரிசோதனைச் செலவில் ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரை, மருத்துவக் காப்பீட்டுக்கான மொத்த வரம்புக்குள், வரிக்கழிவும் உண்டு.

தவணை நாளை நினைவில் வைத்துச் சேமிக்கும் வாடிக்கையாளர்கள், இந்த ஒரு நாளையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவர் இருப்பின், அவருக்கான அழைப்புக் கடிதம் நம்மிடமிருந்தே செல்லட்டும்.