பிளம்பர் கூலியில நான் மிச்சம் பிடிச்ச 8,800 ரூபாய்

போன வாரம் பழைய பதிவர் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். திருச்செங்கோடு பக்கம் வீடு கட்ட ஆரம்பிச்சிருக்காராம். "ஏனுங்க, நீங்கதான் ஏற்கெனவே கட்டி நொந்தவராச்சே... பிளம்பருக்கு சதுர அடிக்கு என்ன கூலி குடுக்கலாம்? இங்க ஒருத்தர் ரொம்பக் கேக்குறாருங்க"ன்னார். பதில் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிடுச்சு. அடுத்து கட்டப் போறவங்களுக்கும் ஆகுமேன்னு அதையே இங்க எழுதி வைக்கிறேன்.

முதல்ல என் கதை. 2019ல ராசிபுரத்துக்கு வெளியே 1,100 சதுர அடியில வீடு. பிளம்பர் அண்ணன் 25 வருஷமா தொழில்ல இருக்கிறவர். பொருள் நம்முது, கூலி மட்டும் சதுர அடிக்கு 40 ரூபாய்னார். 44,000 வருது. நான் பேசிப் பேசி 32க்கு இறக்கினேன். 35,200. ஆக மிச்சம் 8,800. வீட்டுக்கு வந்து தங்கமணிகிட்ட பெருமை வேற அடிச்சுக்கிட்டேன்.

இப்ப கணக்கைப் பாருங்க. வீட்டுக்கு ஆன மொத்தச் செலவு 22 லட்சம். அண்ணன் கேட்ட முழுக் கூலியுமே அதுல 2 சதவீதம்தான். டைல்ஸ் கடையில "இந்த டிசைன் நல்லாருக்கு"ன்னு ஆசைப்பட்டதுக்கு 14,000 கூடுதலாக் குடுத்தேன். அங்க வாயே திறக்கலை. ஏசி போட்ட கடையில பேரம் பேசக் கூச்சப்படுறவனுக்கு, வேலை செய்யற ஆள்கிட்ட மட்டும் எங்கிருந்துதான் தைரியம் வருதோ!

அதுலயும் நம்ம பக்கம் பிளம்பிங் வேலை கொஞ்சம் அதிகம். சேலம், நாமக்கல்ல பல வீட்டுல ரெண்டு தண்ணி. புழங்குறதுக்கு போர்த் தண்ணி, குடிக்க காவேரித் தண்ணி. நாடு பூரா போர் போட ரிக் வண்டி அனுப்புற ஊர் திருச்செங்கோடு. அங்கயே ஆழமாப் போட்டும் வர்றது உப்புத் தண்ணின்னா என்ன பண்றது? அதனால ரெண்டு தொட்டி, ரெண்டு லைன், சமையல்கட்டுல ரெண்டு குழாய். உப்பு படிஞ்சு வால்வு இறுகிப் போகும்கறதால பாத்ரூமுக்குப் பாத்ரூம் தனி வால்வு. சுடுதண்ணிக்குத் தனியா சி.பி.வி.சி. பைப். 2003லயே தமிழ்நாட்டுல கட்டாயமாக்கின மழைநீர் சேகரிப்புக்கு மொட்டை மாடியில இருந்து குழி வரைக்கும் பைப் இறக்கணும். எல்லாம் இந்த ஒரே ஆள் தலையிலதான். சதுர அடிக் கணக்குல இதெல்லாம் தெரியவே தெரியாது.

சரி, கூலியைக் குறைச்சதும் என்ன ஆச்சு? காடி வெட்டி பைப் பதிச்சு முடிச்ச அன்னைக்கு அண்ணன் சொன்னார்: "தம்பி, ஒரு நாள் விடுங்க. பசை காயட்டும். டெஸ்ட் பம்ப் வாடகைக்கு எடுத்தாந்து பிரஷர் ஏத்திப் பாத்துட்டு அப்புறம் பூசிக்கலாமுங்க."

ஒரு நாள் கூலி, பம்ப் வாடகை. "அதெல்லாம் பேசின காசுல வராதுங்களாண்ணா?"ன்னேன். அவர் ஒண்ணும் சொல்லலை. மறுநாள் காலையில பூச்சு ஆளுங்க வந்து நின்னுட்டாங்க. மேல ஒரு டிரம்ல தண்ணி நிரப்பித் திறந்து விட்டுப் பாத்தோம். ஒழுகலை. பூசிட்டோம்.

அது டெஸ்ட்டே இல்லைன்னு பின்னாடிதான் புரிஞ்சுது. தண்ணி 10 மீட்டர் உயரத்துல இருந்தாத்தான் சுமார் 1 கிலோ அழுத்தம். எங்க டிரம் இருந்தது 4 மீட்டர் உயரத்துல. அரைக் கிலோ கூட இல்லை! அதைத் தாங்கின ஜாயின்ட், எட்டு மாசம் கழிச்சு ஷவருக்காக பிரஷர் பம்ப் மாட்டினதும் கைவிட்டுருச்சு. பெட்ரூம் சுவர்ல ஈரம். டைல்ஸை உடைச்சு, பைப்பை மாத்தி, திரும்பப் பூசி, பெயின்ட் அடிச்சு... 23,000. மிச்சம் பிடிச்ச 8,800 எங்க போச்சுன்னு கேக்காதீங்க.

இனி சொல்லப் போறதுதான் எனக்கு வெட்கமா இருக்கு. அண்ணனுக்குப் பாக்கி 5,000 இருந்துச்சு. "உங்க வேலை ஒழுகுது, தர முடியாது"ன்னுட்டேன். அவர் வந்து பாத்தார். புது எல்போ போட்டுச் சரி பண்ணினார். அதுக்குக் கூலி கேக்கலை. கிளம்பும்போது, "அன்னைக்கு ஒரு நாள்தான் தம்பி கேட்டேன்" அப்படின்னார். அந்த 5,000த்தைக் கொண்டு போய்க் குடுக்க எனக்கு இன்னும் மூணு மாசம் ஆச்சு.

பிளம்பர் எல்லாரும் உத்தமர்னு சொல்ல வரலை. 15 எல்போ தேவைப்படுற இடத்துல 25 எழுதி, கடையில கமிஷன் பாக்குறவங்களும் உண்டு. ஆனா கூலியை அடிமாட்டு விலைக்கு இறக்கினா, அந்தப் பணத்தை அவர் வேற எங்கயாவது எடுத்தாகணும். ஒண்ணு பொருள்ல எடுப்பார், இல்லைன்னா நேரத்துல எடுப்பார்.

நண்பருக்கு நான் சொன்னது இதான்:

1. சதுர அடிக் கணக்கை விடுங்க. எத்தனை குழாய், எத்தனை வால்வு, எத்தனை லைன்னு பட்டியல் எழுதி, அதுக்குக் கூலி பேசுங்க.

2. பிரஷர் டெஸ்ட்டுக்கு ஒரு நாள் கூலியும் பம்ப் வாடகையும் தனியா எழுதிக்கங்க. பூச்சு ஆளை அதுக்கப்புறம் வரச் சொல்லுங்க.

3. பூசறதுக்கு முன்னாடி சுவர் பூரா டேப் வச்சு போட்டோ எடுத்துக்கங்க. ஆணி அடிக்கிறப்ப என்னை நினைச்சுக்குவீங்க :-)

4. கடை பில்லை நீங்களே நேரா கட்டுங்க.

5. பிளம்பர்கிட்ட நலவாரிய அட்டை இருக்கான்னு கேளுங்க.

அஞ்சாவதுக்கு ஒரு விளக்கம். பிளான் அப்ரூவலுக்குப் போனப்ப, அவங்க போட்ட மதிப்புல 1 சதவீதத்தை கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துக்குன்னு கட்டினேன். தண்டம்னு திட்டிக்கிட்டே கட்டினேன். 1994ல இருந்து இருக்கிற வாரியம் அது. பிளம்பரும் பதியலாம். விபத்து உதவி, பிள்ளைங்க படிப்புக்குப் பணம், 60 வயசு ஆனா ஓய்வூதியம் எல்லாம் உண்டு. அந்தப் பணம் யாருக்காகவோ, அந்த ஆள் என் வீட்டுலயே நின்னு காடி வெட்டிக்கிட்டிருந்தார். அட்டை இருக்கான்னு நான் ஒரு வார்த்தை கேக்கலை. 5,000 குடுக்கப் போனப்பதான் கேட்டேன். புதுப்பிக்காம விட்டு ரெண்டு வருஷம் ஆச்சுன்னார்.

எல்லாத்தையும் கேட்டுட்டு நண்பர், "அப்ப அவர் கேக்குறதையே குடுத்துடலாங்கறீங்களா?"ன்னார். குடுங்க, கூட ஒரு நாளையும் சேர்த்துக் குடுங்கன்னேன்.

பி.கு: உடைச்ச டைல்ஸுக்கு அதே டிசைன் கடைசி வரைக்கும் கிடைக்கலை. பாத்ரூம்ல நாலு டைல்ஸ் மட்டும் வேற கலர்ல இருக்கும். யாராவது கேட்டா, "அது எங்க வீட்டுக்காரர் மிச்சம் பிடிச்சது"ன்னு தங்கமணி சொல்லிடுவாங்க.