நாய்க்கு விசா வேண்டாம், ஆறு மாதம் வேண்டும்

எங்கள் நெருப்பெரிச்சல் பக்கம் இப்போது எந்தத் தெருவில் நுழைந்தாலும் இரண்டு வீட்டுக்கு ஒரு வீட்டில் பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் வெளிநாடு. வாசலில் காரை நிறுத்த இடம் இருக்கிறது, கார் இல்லை. மாடியில் இரண்டு ரூம் பூட்டிக் கிடக்கிறது. கேட்டுக்கு உள்ளே ஒரு நாய் மட்டும் படுத்திருக்கிறது.

அந்த நாயைப் பற்றித்தான் இன்று எழுதுகிறேன்.

இந்த நாய்கள் பெரும்பாலும் நாம் வாங்கியவை அல்ல. பையனோ பொண்ணோ காலேஜ் படிக்கும்போது ஆசைப்பட்டுக் கொண்டு வந்தது. வேலை கிடைத்து, கல்யாணம் முடிந்து, ஜெர்மனிக்கோ அமெரிக்காவுக்கோ கிளம்பும்போது, "அப்பா, ஒரு ரெண்டு வருசம் பார்த்துக்குங்க, அப்புறம் நான் கூட்டிட்டுப் போயிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டு வருடம் நான்காகும். அதற்குள் பேரனோ பேத்தியோ பிறக்கும். "நீங்க ரெண்டு பேரும் ஆறு மாசம் வந்து இருந்துட்டுப் போங்க" என்று டிக்கெட்டும் போட்டுவிடுவார்கள். அப்போதுதான் வீட்டில் அந்தக் கேள்வி வரும். நாயை என்ன பண்றது?

"கூடவே கூட்டிட்டு வந்துருங்க, ஃப்ளைட்ல விடுவாங்க" என்று பிள்ளைகள் போனில் சுலபமாகச் சொல்வார்கள். ஃப்ளைட்டில் விடுவார்கள் என்பது உண்மைதான். ஆனால் எப்போது விடுவார்கள், எப்படி விடுவார்கள் என்பதைத் தெரிந்துகொண்டு பேசினால் நல்லது.

நான் முப்பது வருடத்துக்கு மேல் பனியன் கம்பெனிகளில் ஷிப்பிங் டாக்குமென்ட் பார்த்தவன். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சர்டிபிகேட் ஆஃப் ஆரிஜின், லேப் டெஸ்ட் ரிப்போர்ட் என்று எல்லாம் வரிசையாகச் சரியாக இருந்தால்தான் கன்டெய்னர் தூத்துக்குடிக்குப் போகும். நாயை வெளிநாடு கொண்டுபோவதும் அதே மாதிரிதான். அதற்கும் லேப் டெஸ்ட் உண்டு, சான்றிதழ் உண்டு, தேதி தவறினால் திருப்பி அனுப்புவதும் உண்டு. ஒரே வித்தியாசம், பனியன் ஆர்டருக்கு பையர் 90 நாள் கொடுத்தால் நாம் எப்படியோ முடித்துவிடுவோம். ஐரோப்பாவுக்கு நாய் போக 90 நாள் போதாது.

கணக்கைச் சொல்கிறேன். முதலில் நாயின் தோலுக்கு அடியில் மைக்ரோசிப் போட வேண்டும். அரிசி அளவுதான் இருக்கும், அதில் 15 இலக்க எண். அதற்குப் பிறகுதான் ரேபிஸ் தடுப்பூசி. இந்த வரிசை முக்கியம். சிப் போடுவதற்கு முன்னால் போட்ட ஊசி அவர்கள் கணக்கில் சேராது. நாம் வருடா வருடம் ஊசி போட்டு அட்டையைப் பத்திரமாக வைத்திருந்தாலும், சிப் இல்லாத நாய்க்குப் போட்ட ஊசி எந்த நாய்க்குப் போட்டது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? லாட் நம்பர் இல்லாத டெஸ்ட் ரிப்போர்ட் மாதிரி அது.

ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் அங்கீகரித்த லேபுக்கு அனுப்ப வேண்டும். ரேபிஸ் எதிர்ப்புச் சக்தி ஒரு மில்லி லிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருக்க வேண்டும். குறைந்தால் மறுபடி ஊசி, மறுபடி 30 நாள். தேறிவிட்டாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, எல்லாம் முதல் தடவையே சரியாக நடந்தால் நான்கு மாதம். இடையில் ஒன்று தவறினால் ஆறு மாதம்.

அதன் பிறகு கடைசி வாரத்துக் காகிதங்கள். மத்திய அரசின் கால்நடைக் குவாரன்டைன் நிலையம் நாயைப் பார்த்துச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அது சென்னையில் பள்ளிக்கரணையில் இருக்கிறது, பெங்களூரிலும் இருக்கிறது. கோயமுத்தூரில் இல்லை. ஐரோப்பாவுக்கான சான்றிதழ் பத்து நாளுக்குள் அங்கே நுழைந்தால்தான் செல்லும். அதனால் நம்ம ஊர் நாய், விமானம் ஏறுவதற்கு முன்பே ஒரு முறை சென்னையோ பெங்களூரோ காரில் போய் வர வேண்டும், இல்லை அங்கேயே தங்க வேண்டும்.

அமெரிக்காவுக்கு வேறு கணக்கு. 2024 ஆகஸ்ட் 1 முதல் அங்கே விதியை இறுக்கிவிட்டார்கள். ரேபிஸ் அதிகம் உள்ள நாடுகள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள், அதில் இந்தியாவும் உண்டு. நம் நாட்டிலிருந்து போகும் நாய்க்குக் குறைந்தது ஆறு மாத வயது, சிப், அரசு கால்நடை அதிகாரி கையெழுத்திட்ட படிவம், ரத்தப் பரிசோதனை எல்லாம் வேண்டும். இறங்குவதும் பிள்ளை வீட்டுக்குப் பக்கத்து விமான நிலையத்தில் முடியாது. நாய்களைப் பரிசோதிக்கும் வசதி பதிவான சில விமான நிலையங்களில்தான் இறங்கலாம், அங்கேயும் முன்கூட்டியே இடம் பதிவு செய்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவுக்கோ இந்தியாவிலிருந்து நேரடியாகக் கொண்டுபோகவே முடியாது. அவர்கள் அனுமதித்த வேறொரு நாடு வழியாகத்தான் போக வேண்டும்.

இதைக் கேட்டால் சிலருக்குக் கோபம் வருகிறது. "நம்ம நாயின்னா அவ்வளவு இளக்காரமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். இளக்காரம் இல்லை. உலகத்தில் ரேபிஸால் சாகிறவர்களில் சுமார் 36 சதவீதம் பேர் இந்தியாவில் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அந்த நோய் வந்தபின் மருந்து கிடையாது. அதை ஒழித்த ஒரு நாடு வாசலில் நின்று கேள்வி கேட்கத்தான் செய்யும். இங்கிலாந்தில் 2011 முடிய நம் நாட்டு நாய் போனால் ஆறு மாதம் கொட்டடியில் அடைத்து வைப்பார்கள். இப்போது அந்த ஆறு மாதத்துக்குப் பதிலாகத்தான் ரத்தப் பரிசோதனையும் காத்திருப்பும். நாய் கொட்டடியில் இருக்காமல் நம் வீட்டிலேயே காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

பணமும் பெயரும் இருந்தால் தப்பிக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். 2015-ல் ஹாலிவுட் நடிகர் ஜானி டெப் தன் இரண்டு குட்டி நாய்களைத் தனி விமானத்தில் சொல்லாமல் ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுபோய்விட்டார். நாட்டை விட்டு வெளியேற்றாவிட்டால் நாய்களைக் கொன்றுவிடுவோம் என்று அந்த நாட்டு வேளாண் அமைச்சரே சொன்னார். நாய்கள் திரும்பிப் போயின. வழக்கு அடுத்த வருடம் வரை நடந்தது.

காகிதம் முடிந்தது என்றால் அடுத்தது பெட்டி. சிறிய நாயைச் சில விமானங்களில் காலடியில் வைத்துக்கொள்ள விடுவார்கள். பெரிய நாய் கீழே சரக்கு அறையில்தான் போகும். சில நாடுகளுக்கு எந்த நாயானாலும் கார்கோவாகத்தான் போக வேண்டும். பெட்டிக்கு ஐயாட்டா என்ற விமானக் கம்பெனிகளின் சங்கம் அளவு வைத்திருக்கிறது. நம் மெஷர்மென்ட் சார்ட் மாதிரியே இருக்கும். மூக்கு நுனியிலிருந்து வால் அடிவரை ஒரு அளவு, அதோடு தரையிலிருந்து முன்னங்கால் முட்டி வரை உள்ள உயரத்தில் பாதி, இது நீளம். தோள் அகலம் போல இரண்டு மடங்கு, இது அகலம். நிற்கும்போது காது நுனி வரை, அதோடு கீழே விரிக்கும் துணியின் கனம், இது உயரம். நாய் உள்ளே நிற்கவும் திரும்பவும் படுக்கவும் முடிய வேண்டும்.

ஏர் கார்கோவில் அனுப்பினால் நாயின் எடைக்குப் பணம் இல்லை, பெட்டியின் கன அளவுக்குப் பணம். எக்ஸ்போர்ட் தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஒரு லாப்ரடாருக்கு 100 சென்டிமீட்டர் நீளம், 65 அகலம், 75 உயரம் என்று பெட்டி வாங்கினால், பெருக்கி 6000-ஆல் வகுத்தால் 81 கிலோவுக்கு மேல் வரும். நாய் 30 கிலோதான். மீதி 51 கிலோ காற்றுக்கு நாம் ஃப்ரெய்ட் கட்டுகிறோம்.

பக் மாதிரி மூக்கு அமுங்கின நாய் வைத்திருப்பவர்கள் இன்னும் யோசிக்க வேண்டும். 2003 வாக்கில் ஹட்ச் போன் விளம்பரம் வந்தபின் ஊரெல்லாம் அந்த நாய்தான். அவற்றுக்குச் சாதாரணமாகவே மூச்சு வாங்கும் என்பதால் பல விமானக் கம்பெனிகள் சரக்கு அறையில் ஏற்றுவதே இல்லை. மயக்க மருந்து கொடுத்துத் தூங்க வைத்து அனுப்பிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உயரத்தில் மூச்சும் ரத்த அழுத்தமும் தடுமாறும் என்று டாக்டர்களே வேண்டாம் என்கிறார்கள். அதற்குப் பதில் இரண்டு மாதம் முன்பே பெட்டியை வீட்டுக்குள் வைத்து, அதற்குள்ளேயே சோறு போட்டுப் பழக்க வேண்டும்.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன்.

பிள்ளையே குடும்பத்தோடு நிரந்தரமாகப் போகிறான், நாய்க்கு வயது குறைவு, உடம்பு நன்றாக இருக்கிறது என்றால் தாராளமாகக் கூட்டிக்கொண்டு போகட்டும். சிரமம்தான், ஆனால் அதற்குப் பிறகு பத்து வருடம் அது அவர்களோடு இருக்கும். செலவுக்கும் அலைச்சலுக்கும் அர்த்தம் உண்டு.

நாம் போகிற மாதிரி மூன்று மாதம், ஆறு மாதம் போய் வருவதற்கு நாயைக் கொண்டுபோகக் கூடாது என்பது என் கட்சி. ஜெர்மனிக்கு நமக்குக் கிடைக்கும் விசா 90 நாள். நாய்க்குத் தயாராக நான்கு மாதம். தங்குவதைவிடத் தயாராவது அதிகம். திரும்பும்போது இந்தியாவுக்குள் வரவும் முன் அனுமதி வேண்டும், இறங்குவதும் சென்னை, பெங்களூர் மாதிரி குவாரன்டைன் நிலையம் உள்ள ஊரில்தான். நமக்கே விமான நிலையத்தில் வீல் சேர் சொல்லியிருக்கிறார்கள். வீல் சேரில் உட்கார்ந்துகொண்டு நாய்ப் பெட்டியை யார் தள்ளுவது?

நாயின் பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். இங்கே வாசலில் படுத்து, போகிற வருகிறவனைப் பார்த்துக் குரைத்து, வேப்ப மரத்தடியில் மண்ணைத் தோண்டி வாழ்ந்த நாய் அது. அங்கே மூன்றாவது மாடி ஃப்ளாட், கயிறு இல்லாமல் வெளியே இறங்க முடியாது, குளிர். ஜெர்மனியில் நாய் வைத்திருப்பதற்கே உள்ளாட்சிக்கு வரி கட்ட வேண்டும். ஒன்பது பத்து வயதான நாயை இருபது மணி நேரம் பெட்டியில் அடைத்துக் கொண்டுபோய் இதையெல்லாம் பழகச் சொல்வது அதற்குச் செய்யும் நன்மை என்று எனக்குத் தோன்றவில்லை.

"அப்ப உக்ரைன்ல இருந்து பசங்க நாயைத் தூக்கிட்டு வந்தாங்களே?" என்று கேட்பீர்கள். 2022-ல் குண்டு விழுகிற ஊரிலிருந்து இடுக்கி மாணவி ஒருவர் தன் நாயைத் தோளில் சுமந்துகொண்டு எல்லை தாண்டி நடந்ததை டிவியில் பார்த்துக் கண் கலங்கியவன்தான் நானும். அரசும் அந்த ஒரு முறைக்கு விதியைத் தளர்த்தியது. ஆனால் அந்தப் பெண்ணுக்கு வேறு வழி இல்லை. விட்டுவிட்டு வந்தால் நாய் செத்துப்போகும். நமக்கு அப்படியில்லை. நமக்கு ஊர் இருக்கிறது, அக்கம்பக்கம் இருக்கிறது, திட்டம் போட நாள் இருக்கிறது.

அதற்காக, கொண்டுபோக வேண்டாம் என்று நான் சொல்வதை, எங்கேயாவது விட்டுவிடலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. "தோட்டத்துல கொண்டுபோய் விட்டுட்டா பொழைச்சுக்கும்" என்று சொல்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுச் சோறு தின்ற நாய் தோட்டத்தில் பிழைக்காது. அங்கே இருக்கிற நாய்கள் அதைச் சேர்க்காது. பைபாஸ் ரோட்டில் கழுத்துப் பட்டையோடு திரிகிற நாயைப் பார்க்கும்போதெல்லாம், இதன் வீட்டுக்காரர்கள் இப்போது எந்த ஊரில் பனியைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்களோ என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

செய்ய வேண்டியது, நாயை அதன் இடத்திலேயே வைத்து ஆளை ஏற்பாடு செய்வது. கீழ் போர்ஷனில் குடியிருப்பவர், பக்கத்து வீட்டுப் பையன், பழைய கம்பெனி வாட்ச்மேன் என்று யாராவது இருப்பார்கள். சும்மா கேட்காதீர்கள், மாதச் சம்பளம் பேசிக் கொடுங்கள். கார்கோ செலவை நினைத்தால் அது ஒன்றுமே இல்லை. கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே அவர் கையால் சோறு வைக்கட்டும். ஊசி அட்டை, டாக்டர் போன் நம்பர், கையில் கொஞ்சம் பணம் மூன்றையும் ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். போனில் பேரனைப் பார்க்கிற மாதிரி வாரம் ஒரு நாள் நாயையும் பாருங்கள். சோறு போடுகிறவருக்கும் நம்மை ஒருவர் விசாரிக்கிறார் என்று இருக்கும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "அப்புறம் கூட்டிட்டுப் போயிக்கிறேன்" என்பது மனதார சொன்ன வார்த்தை என்றால், கிளம்புவதற்கு முன்பே சிப் போட்டு, ஊசி போட்டு, ரத்தப் பரிசோதனையை முடித்துவிட்டுப் போகட்டும். ஐரோப்பாவைப் பொறுத்தவரை ஒரு முறை தேறிவிட்டால், அடுத்தடுத்த ஊசிகளைத் தேதி தவறாமல் போட்டு வருகிற வரை அந்த ரிப்போர்ட் செல்லும். பிறகு எப்போது கூப்பிட்டாலும் நான்கு மாதம் காத்திருக்க வேண்டாம். ஊசித் தேதியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை நாம் செய்யலாம், அது நமக்கு முடியும். நம் பிரஷர் மாத்திரை வாங்கும் நாளோடு சேர்த்து காலண்டரில் எழுதி வைத்தால் போதும்.

அதைச் செய்யாமல் கிளம்புகிற பிள்ளையிடம் பெற்றவர்கள் கூச்சப்படாமல் கேட்டுவிட வேண்டும்: "கண்ணு, இது உன் நாயா, எங்க நாயா?" எங்க நாய் என்று முடிவானால் நல்லது, கடைசி வரை நாம் பார்த்துக்கொள்வோம். ஆனால் அது டிக்கெட் போடுவதற்கு முன்பே தெரிந்தாக வேண்டும்.