கஞ்சிக்கு முன் ஒரு பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு,

பக்கவாத நோயாளிகளின் பராமரிப்பு பற்றிய உங்கள் கட்டுரை பயனுள்ளது. ஆனால் விழுங்குவதில் வரும் சிக்கல் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்த மூன்றாம் நாளே, "கஞ்சி கொடுக்கலாம்" என்றார்கள். கொடுத்தோம். அவர் இருமவில்லை, குரல் மட்டும் தொண்டையில் நீர் தளும்புவதுபோல் கரகரத்தது. நாங்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. நான்கே நாளில் நிமோனியா. பிறகு வேறொரு மருத்துவமனையில் மூக்கு வழியே மெல்லிய எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, பச்சை நிறம் கலந்த தயிரை விழுங்கச் சொன்னார்கள். குரல்நாண்களுக்குக் கீழே, மூச்சுக்குழாயில், பச்சைத் திட்டு படிந்திருந்ததைத் திரையில் நானே பார்த்தேன்.

1988-ல் அமெரிக்காவின் சூசன் லாங்மோர் குழுவினர் விவரித்த முறை இது. கதிர்வீச்சு இல்லை, கட்டிலருகிலேயே செய்யலாம். காது மூக்கு தொண்டைப் பிரிவுகளுக்கு எண்டோஸ்கோப் புதிதல்ல. அந்தப் பிரிவின் மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் சேர்ந்து பரிசோதிக்கும் ஏற்பாடுதான் வேண்டும்.

எங்கள் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். (மருத்துவப் பணிகள் இயக்குநரக) வளாகத்தில் உள்ள அதிகாரிகள், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் வாரம் இரண்டு நாளாவது இதற்கு ஒதுக்க வேண்டும். முதல் வாய் கஞ்சிக்கு முன்பே நோயாளியின் விழுங்கும் திறனைச் சோதிக்கச் செவிலியர்களுக்கும் பயிற்சி அளிக்க வேண்டும்.

— ஒரு வாசகி,
தேனாம்பேட்டை, சென்னை-18