பட்டியலில் இல்லாதவர்கள்

மக்களின் பிரதிநிதித்துவத்தை எண்ணால் அளக்க இயலுமா என்று ஐயுறுவோர் இலங்கையின் இரு பொதுத் தேர்தல்களை நோக்கலாம். 1970-ல் நூற்றுக்கு ஏறத்தாழ 38 வாக்குகள் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 17 ஆசனங்கள். அதனினும் சற்றே குறைந்த வாக்குகள் பெற்று, தோழமைக் கட்சிகளுக்குத் தொகுதிகளை விட்டுக்கொடுத்தும் நின்ற சுதந்திரக் கட்சிக்கோ 91. 1977-ல் சக்கரம் திரும்பியது. ஐக்கிய தேசியக் கட்சி 51 வீத வாக்குகளால் 168 ஆசனங்களில் 140-ஐக் கைப்பற்ற, சுமார் 30 வீதம் பெற்ற சுதந்திரக் கட்சி எட்டே ஆசனங்களுக்குச் சுருங்கியது. அதன் வாக்குகளில் கால்பங்கும் பெறாத தமிழர் விடுதலைக் கூட்டணி, வடக்கிலும் கிழக்கிலும் செறிந்த ஆதரவால் 18 ஆசனங்கள் பெற்றுப் பிரதான எதிர்க்கட்சியாயிற்று. இவ்விதம் பெருகிய பெரும்பான்மைகளே 1972, 1978 ஆகிய இரு அரசியலமைப்புகளையும் இயற்றின என்பதை எண்ணும்போது, இது வெறும் ஏட்டுக்கணக்கு அன்று என்பது விளங்கும்.

டப்ளினில் பேராசிரியராயிருந்த மைக்கேல் கல்லாகர் 1991-ல் இதற்கொரு சூத்திரம் வகுத்தார். ஒவ்வொரு கட்சியின் வாக்கு வீதத்திற்கும் ஆசன வீதத்திற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எல்லாவற்றையும் கூட்டி, பாதியாக்கி, வர்க்கமூலம் காண வேண்டும். வர்க்கமாக்குவதால் சில்லறை வித்தியாசங்கள் அடங்கிப்போகும். பெரிய அநீதி பெரிதாகவே நிற்கும். விடை பூஜ்யமானால் முழுப் பொருத்தம். நாடு முழுவதையும் ஒரே தொகுதியாகக் கொண்டு 150 பேரைத் தெரிந்தெடுக்கும் நெதர்லாந்தில் அது பெரும்பாலும் ஒன்றை ஒட்டியே நிற்கும். 1977-ன் இலங்கைக்கு நான் போட்டுப் பார்த்த கணக்கில் அது ஏறத்தாழ 29.

சூத்திரம் மெச்சத்தக்கதே, ஆயினும், வாக்குப்பெட்டியைத் திறந்த பிறகே அதன் வேலை ஆரம்பமாகிறது. 1947-ல் தம் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்திற்கு அனுப்பிய மலையகத் தோட்டத் தொழிலாளர், 1948, 1949-ம் ஆண்டுச் சட்டங்களால் பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் பெருமளவில் இழந்து, 1952-ல் தம் ஸ்தாபனத்தின் சார்பில் ஒருவரையும் அனுப்ப இயலாதவராயினர். அவர்களையும் தலைக்கணக்கில் சேர்த்து வகுத்த தொகுதிகளோ மாறாமல் நிலைத்தன. எஞ்சியோரின் வாக்குக்கு அதனால் மதிப்பு ஏறியது. போடப்படாத வாக்கிற்கு வீதம் ஏது? அத்தகைய சபை கல்லாகரின் சூத்திரத்தில் பூஜ்யமே பெற்றாலும், அந்தப் பூஜ்யத்தைக் கண்டு மகிழ என்னால் இயலாது. ஒரு நாட்டின் ஜனநாயகத்தை எண்ணால் நிறுக்கப் புகுவோர், வர்க்கமூலத்திற்குப் போகுமுன், அங்கு வாழும் வயதுவந்தோரின் தொகையிலிருந்து வாக்காளர் பட்டியலின் தொகையைக் கழித்துப் பார்க்கட்டும். பள்ளிப்பிள்ளையும் போடக்கூடிய அக்கழித்தலே முதற்கணக்கு.