புருவத்தைத் தூக்கினால் வயது இறங்குமா?

“சின்ன வேலைதான். தழும்பே இருக்காது. இரண்டே நாளில் ஆபீஸ் போகலாம். பத்து வயது குறைந்துவிடும். பிடிக்காவிட்டால் சரிசெய்துகொள்ளலாம்.” புருவத்தைத் தூக்கும் ‘பிரௌ லிஃப்ட்’ அறுவை சிகிச்சையைப் பற்றி விளம்பரங்களும் ரீல்களும் சேர்ந்து வளர்த்திருக்கும் நம்பிக்கை இது. தகுந்த முகத்துக்கு இந்தச் சிகிச்சை நல்ல பலனே தருகிறது. விளம்பர வாக்குறுதிகளைத்தான் ஏற்க முடியவில்லை.

“பத்து வயது குறையும்”

இந்தச் சிகிச்சை புருவத்தை ஏற்றும், நெற்றிச் சுருக்கத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். கன்னத் தொய்வையும் கழுத்துச் சதையையும் அது தொடாது. கண் களைத்துத் தெரிவதற்குப் புருவம்தான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. மேல் இமையில் தோல் மிகுந்திருக்கலாம். இமையைத் தூக்கும் தசை தளர்ந்திருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. கண்ணாடி முன் நின்று, நெற்றியைத் தளர்த்தி, புருவத்தின் வெளி ஓரத்தை விரலால் மெல்லத் தூக்கிப் பாருங்கள். இமைமேல் தொங்கும் தோல் விலகினால் புருவத்துக்கும் பங்குண்டு. விலகாவிட்டால் சிக்கல் இமையில் இருக்க வாய்ப்பு அதிகம்.

வயதானால் புருவம் முழுவதும் இறங்கும் என்பதும் சரியில்லை. புருவத்தை உயர்த்தும் நெற்றித் தசை வெளி ஓரம் வரை எட்டுவதில்லை. அதனால் அந்த ஓரம்தான் முதலில் சரிகிறது. இதைக் கவனிக்காமல் உள்முனையையும் சேர்த்து இழுத்தால், எந்நேரமும் திடுக்கிட்டது போன்ற முகம்தான் மிஞ்சும்.

“தழும்பே இருக்காது”

கத்தி பட்ட இடத்தில் தழும்பு இருக்கத்தான் செய்யும். அதை எங்கே மறைக்கிறார்கள் என்பதே கேள்வி. பழைய முறையில் ஒரு காதருகிலிருந்து மறு காதருகு வரை தலைக்குக் குறுக்கே வெட்டுவார்கள். அதில் நெற்றியின் மயிர்க்கோடு மேலேறும். 1990களில் பரவிய எண்டோஸ்கோப் முறையில், மயிர்க்கோட்டுக்குப் பின்னால் மூன்று முதல் ஐந்து சிறு வெட்டுகள் போதும். ஆனால் உள்ளே நெற்றித் திசுவை எலும்பிலிருந்து பிரித்து, மேலேற்றிப் பொருத்துகிறார்கள். வெளியே வெட்டு சிறுத்ததால் உள்வேலை சிறுத்துவிடவில்லை. வழுக்கை விழும் ஆண்களுக்குத் தழும்பை மறைக்கத் தலைமுடியும் இருக்காது.

“இரண்டே நாளில் ஆபீஸ்”

முதல் சில நாட்களில் வீக்கமும் ரத்தக்கட்டும் கூடி, கண்ணைச் சுற்றி இறங்கிக் கன்னம் வரை வரலாம். தையல் பிரிக்கவே ஒரு வாரம், பத்து நாள் ஆகும். வெளியில் தலைகாட்டப் பெரும்பாலானோருக்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வேண்டும். அதுவரை தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். கடும் உடற்பயிற்சிக்கு இன்னும் சில வாரம் பொறுக்க வேண்டும். உணர்வு நரம்புகள் நெற்றி வழியே போவதால் உச்சந்தலை மரத்துப்போகும்; உணர்வு திரும்பும்போது அரிக்கும். இது மாதக்கணக்கில் நீடிப்பதுண்டு. தொடக்கத்தில் புருவம் அளவுக்கு மீறி ஏறித் தெரியும். அது படிந்து நிலைக்கவும் சில மாதங்கள் ஆகும்.

“பிடிக்காவிட்டால் சரிசெய்யலாம்”

போடாக்ஸோடு குழப்பிக்கொள்வதால் வரும் நினைப்பு இது. அந்த ஊசி, புருவத்தைக் கீழிழுக்கும் தசைகளைத் தளர்த்திச் சில மில்லிமீட்டர் உயர்த்தும். மூன்று நான்கு மாதத்தில் விளைவு மறையும். அறுவை சிகிச்சை அப்படித் தானாக மறையாது. மிகையாக ஏறிய புருவத்தை இறக்குவது, ஏற்றுவதைவிடக் கடினம். புருவத்தை அசைக்கும் நரம்புக் கிளை நெற்றிப்பொட்டு வழியே போகிறது. அது காயப்பட்டால் அந்தப் பக்கப் புருவம் அசையாது. பெரும்பாலும் சரியாகிவிடும், அரிதாக நிரந்தரமாகவும் நின்றுவிடும். ஏற்கெனவே இமை அறுவை செய்துகொண்டவருக்கு, கண் முழுதாக மூடாமல் வறண்டுபோகும் ஆபத்தும் சேர்கிறது.

புருவம் உண்மையிலேயே இறங்கி, பார்வையின் மேற்பகுதியை மறைப்பவருக்கு இந்தச் சிகிச்சை பெரிய நிம்மதி. மற்றவர்கள் தேதி குறிக்கும் முன் பிளாஸ்டிக் சர்ஜனிடமோ இமை அறுவையில் தேர்ந்த கண் மருத்துவரிடமோ கேட்க வேண்டியவை: என் சிக்கல் புருவத்திலா, இமையிலா? வெட்டு எங்கே? நீங்கள் சிகிச்சை செய்தவர்களின் ஓராண்டுக்குப் பிந்தைய படங்கள் உண்டா? முதல் கேள்விக்கே விடை சொல்லாமல் முன்பணம் கேட்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.